பெயரை மறைப்பதா, பில்லைப் போடச் சொல்வதா?

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கையில் சாதி, மதம், சொந்தபந்தம் குறுக்கே வராமலிருக்க இரண்டு வழி உண்டு. விண்ணப்பத்தில் பெயரை மறைத்துப் படிப்பது ஒன்று. வந்தவரை வேலையையே செய்யச் சொல்லி மதிப்பெண் போடுவது இன்னொன்று. எங்கள் ஓட்டு இரண்டாவதுக்கு.

பெயர் மறைப்பு வீண் என்று சொல்லவில்லை. ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாகவே இருந்தும் தலித், முஸ்லிம் பெயர்களுக்குத் தனியார் நிறுவனங்களின் அழைப்பு குறைவாகத்தான் வந்தது. ஆனால் குமரியில் பெயரை மட்டும் அடித்தால் போதாது. அப்பா பெயர், போட்டோ, படித்த பள்ளி, ஊர் என்று எல்லாமே பேசும். 'துறை' என்று முடிந்தாலே கடற்கரைக்காரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும் மறைத்தால் மிஞ்சுவது பி.காம். சதவீதமும் டேலி என்ற கணக்கு மென்பொருள் சான்றிதழும்தான். அப்படியே தேர்ந்தாலும், நேரில் வந்து வாய் திறந்ததும் விளவங்கோட்டுப் பேச்சின் மலையாள வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

செய்முறைத் தேர்வுக்கு 10 கொள்முதல் பில், அவற்றை ஏற்ற ஒரு கணினி, 40 நிமிடம் போதும். எட்டு பில் நம்மூர்க் கடைகளுடையது, ஜிஎஸ்டி எண் 33-ல் தொடங்கும்; வரியில் பாதி சிஜிஎஸ்டி (மத்திய அரசுக்கு), பாதி எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசுக்கு). மீதி இரண்டு கேரளாவின் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து சரக்கு வந்த பில், எண் 32-ல் தொடங்கும், அதற்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டி வரும் சரக்குக்கான வரி). விற்றவரின் லெட்ஜரில் (கணக்குப் பதிவில்) மாநிலத்தைக் கேரளா என்று வைக்காதவர் இங்கே மாட்டுவார். ஒரு பில்லில் வேண்டுமென்றே கூட்டலைத் தப்பாக வையுங்கள். கேட்காமல் ஏற்றுகிறாரா, நிறுத்திக் கேட்கிறாரா என்பது பட்டத்தைவிட அதிகம் சொல்லும்.

இதன் தொல்லை பராமரிப்புதான். முதல் குழு எழுதி முடித்த சாயங்காலமே கேள்வி பயிற்சி மையங்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் தொகையும் எண்ணும் மாற்றி மூன்று செட் வேண்டும். வரி விகிதம் மாறினால் மூன்றையும் திருத்த வேண்டும். விடைத்தாளில் பெயர் கூடாது, வரிசை எண் போதும். நேர்காணலில் எல்லாருக்கும் அதே நான்கு கேள்வி, அதே வரிசை. கேட்கும் இருவரும் தனித்தனியாக மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பேசிக்கொள்ள வேண்டும். முதலாளி முதலில் "பையன் கொள்ளாம்" என்று சொல்லிவிட்டால் மற்றவர் பேனா தானாக அந்தப் பக்கம் சாயும். "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்பது வேலைக்கு எடுத்த பிறகு, சாயா குடிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி.

ஐந்தாறு பேரே வந்திருந்தால் ஒன்றிரண்டு மதிப்பெண் வித்தியாசத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். விற்பனை வேலைக்கு இந்த 40 நிமிடம் எவ்வளவு தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டோம். தேர்வைக் காலை 9 மணிக்கு மட்டும் வைக்காதீர்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு பஸ் பிடித்து வருபவர்கள் எழுதாமலே கழிந்துபோவார்கள். 11 மணி சரி.