தொலைதூர ஊருக்கு மின்கம்பியா, சூரியத் தகடா?

2017-இல் தொடங்கிய சௌபாக்யா திட்டத்தில், பெரும்பாலான மாநிலங்களுக்கு இந்திய அரசு திட்டச் செலவில் 60 விழுக்காட்டை மானியமாகத் தர, மாநிலங்கள் தம் பங்கையும் கடனையும் சேர்த்து மின்கம்பி, சூரியத் தகடு ஆகிய இரு வழிகளிலும் வீடுகளுக்கு மின்சாரம் அளித்தன.

செலவு: அத்திட்டத்தில் கம்பியிணைப்பு ஏழைகளுக்கு இலவசமாகவும், மற்றவர்களுக்குத் தவணைகளில் 500 ரூபாய்க்கும் கிடைத்தது; மாதக் கட்டணம் தனி. தகட்டுக்கு மாதக் கட்டணமே இல்லை.

திறன்: 200 முதல் 300 வாட் வரையிலான தகடு ஐந்து எல்இடி விளக்குகள், ஒரு மின்விசிறி, ஒரு செருகுமுனை ஆகியவற்றோடு நின்றுவிடும், மாவரைக்கும் இயந்திரத்துக்கும், பள்ளியின் கணினி அறைக்கும் அது போதாது.

பராமரிப்பு: தகடு நெடுங்காலம் உழைத்தாலும் மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும்; திட்டம் ஏற்ற பராமரிப்போ ஐந்தாண்டுகளுக்கே.

சாலை எட்டும் ஊருக்கும் பள்ளிக்கும் கம்பியே தக்கது. காட்டுக்குள் சிதறிய வீடுகளுக்குத் தகடு.