இரண்டு இணைப்பைச் சேர்த்தால் வேகம் கூடுமா? லோட் பேலன்சிங்கும் பாண்டிங்கும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கு 50 எம்பிபிஎஸ் ஃபைபர். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023-இல் துணைக்கு, சிம் போட்டு ஓடும் ஒரு எல்டிஇ ரவுட்டரும் வாங்கினோம். ஜன்னலோரம் வைத்தால் 20 வரை இழுக்கும். இரண்டையும் சேர்த்தால் 70 வருமா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. எதற்காகச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

லோட் பேலன்சிங் எளிது: கனெக்‌ஷன்களை (ஒரு டவுன்லோட், ஒரு வீடியோ போன்ற தனித்தனி ஓட்டங்களை) இரண்டு லைனுக்கும் பங்கிடுவது. இணைய லைனைச் செருகும் வான் (WAN) போர்ட் இரண்டு உள்ள மைக்ரோடிக் ரவுட்டர் போதும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஏற்றிய பழைய ரவுட்டரில் எம்வான்3 தொகுப்பைப் போட்டாலும் ஓடும். மாதச் செலவு ஏறாது. ஃபைபருக்கு ஐந்து பங்கு, எல்டிஇக்கு இரண்டு பங்கு என்று பிரித்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு கனெக்‌ஷனை அது இரண்டாகப் பிளக்காது. முழுசாக ஏதோ ஒரு வழியில் அனுப்பிவிடும். ஸ்பீட் டெஸ்ட் ஒரே நேரத்தில் பல கனெக்‌ஷன் திறப்பதால் 70-ஐ ஒட்டிக் காட்டும். அதே வீட்டில் பிரவுசரில் ஒரு பெரிய ஃபைலை இறக்கிப் பாருங்கள், 50-ஐத் தாண்டாது. இன்னொன்று: வங்கித் தளத்தை ஃபைபரோடு மட்டும் கட்டிவையுங்கள். நடுவில் ஐபி (இணைய முகவரி) மாறினால் லாக்அவுட் ஆகிவிடும்.

பாண்டிங் வேறு ஜாதி. ஒரே கனெக்‌ஷனின் பாக்கெட்டுகளை (தரவின் சிறு துண்டுகளை) இரண்டு வழியிலும் பிரித்து அனுப்பும். மறுமுனையில் ஒரு சர்வர் அவற்றை வரிசையாகக் கோக்கும். ஸ்பீடிஃபை சேவை என்றால் சந்தா. ஓப்பன்எம்பிடிசிபிரவுட்டர் மென்பொருள் இலவசம்தான், ஆனால் சர்வர் வாடகை உங்களுடையது. அந்த சர்வரை ஜோஹனஸ்பர்க்கிலோ கேப்டவுனிலோ எடுங்கள். லண்டனில் எடுத்தால் போய்வரவே 150 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும். எல்டிஇ பாக்கெட் தாமதமானால் ஃபைபரில் முந்தி வந்த பாக்கெட்டும் அதற்காகக் காத்துக் கிடக்கும். அதனால் முழு 70 கைக்கு வராது.

இருந்தும் பாண்டிங்கின் அருமை எனக்குக் கோயிலில்தான் தெரிந்தது. தைப்பூசக் காவடி நேரலைக்கு இரண்டு நெட்வொர்க் சிம்மை லோட் பேலன்சிங்கில் போட்டிருந்தோம். வீடியோ ஒரே கனெக்‌ஷன், ஒரு சிம்மிலேயே உட்கார்ந்துவிட்டது. கூட்டம் ஏற ஏற அப்லோட் சரிந்து, பால்குடம் வாசலுக்கு வந்த நேரம் படம் உறைந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும், நடக்க முடியாத எங்கள் ஆயா அந்த நிமிடத்துக்காகவே காத்திருந்தார். மறு வருடம் பாண்டிங். ஒரு சிம் அடியோடு படுத்தபோது படம் மங்கியது, நிற்கவில்லை. ஆயா அபிஷேகம் வரை பார்த்தார்.

மின்வெட்டுக்கு மட்டும் பயம் என்றால் இரண்டும் வேண்டாம், ஃபெயில்ஓவர் (ஒன்று படுத்தால் மற்றதற்கு மாறுவது) போதும். அதோடு ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் வாங்குங்கள். நீண்ட வெட்டில் டவர் பேட்டரி தீர்ந்து, துணைக்கு வைத்த எல்டிஇ முதலில் போவது உண்டு. கடலடி கேபிளே அறுந்தால் கதை வேறு. 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடலில் டபிள்யூஏசிஎஸ், சாட்-3 என்ற இரண்டு கேபிளும் ஒரே நாளில் பழுதாயின. உங்கள் இரண்டு கம்பெனியும் அதே கேபிளை நம்பியிருந்தால் வீட்டுப் பெட்டியால் செய்ய ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டில் தினசரிக்கு லோட் பேலன்சிங்தான். பாண்டிங் சர்வரைக் காவடிக்கும் புரட்டாசிப் பூஜைக்கும் மட்டும், அந்தந்த மாதம் வாடகைக்கு எடுக்கிறேன்.