சீமை ஓட்டில் வெயில் காயும் பவுனு

எங்கள் வீட்டு ஆமை தண்ணீரை விட்டு ஏறிக் காய, இதுவரை நான்கு மேடைகள் வந்துவிட்டன. காசு கொடுத்து வாங்கியது ஒன்று, நானே கட்டியது மூன்று. கடைசியாகக் கட்டியதுதான் மூன்று வருசமாகத் தொட்டியில் அப்படியே நிற்கிறது.

பவுனு என்று பெயர் வைத்தது மகள். நட்சத்திர ஆமை மாதிரியான நம்மூர் ஆமைகளை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பவுனு அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட ரெட் இயர்ட் ஸ்லைடர் என்னும் நீர் ஆமை. வளர்க்க முடியவில்லை என்று குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடக் கூடாது, நம்மூர் ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு. கூடவே வாங்கிய பிளாஸ்டிக் மேடை, நாலு ரப்பர் கப்புகளால் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருக்கும். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. போர் தண்ணீரின் உப்பு கண்ணாடியில் படியப் படிய, கப்புகள் பிடி விட ஆரம்பித்தன. ஒரு நாள் விடியற்காலை வீட்டம்மா, "ஏனுங்க, பவுனு அசையவே மாட்டேங்குதுங்க, வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். சரிந்த மேடைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கியிருந்தது. மூக்குக்கு மேலே இரண்டு விரல்கடை தண்ணீர். இழுத்து வெளியே எடுத்ததும் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. நுரையீரலால் மூச்சு விடுகிற பிராணி, மேலே வர வழியில்லாவிட்டால் தண்ணீரிலேயே செத்துப்போகும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்து செங்கல் அடுக்கி, மேலே கடப்பா கல் வைத்தேன். இடுக்கெல்லாம் கழிவு சேர்ந்து நாறியது. இரண்டு மாதத்தில் கலைத்தாயிற்று.

மூன்றாவது, ஒரு இன்ச் பிவிசி குழாயில் சட்டம். எல்போ, டீ மாதிரியான இணைப்புகள், ஒட்டும் பேஸ்ட் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. குழாய்க்குள் காற்று அடைபட்டால் சட்டமே மிதக்கும், அதனால் அங்கங்கே ஓட்டை போட்டுத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். ஏறு பலகைக்குப் பிடிமானம் வேண்டுமே? பொள்ளாச்சியில் இருந்துகொண்டு தென்னை நாரை விடுவேனா, கயிற்றை நெருக்கமாகச் சுற்றினேன். ஒரே வாரத்தில் தண்ணீர் கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது. போதாக்குறைக்கு, பவுனு நாரைப் பிய்த்துத் தின்னப் பார்த்தது.

அப்புறம்தான் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கிக் கிடந்த, கூரைக்குப் போடும் பழைய சீமை ஓடு கண்ணில் பட்டது. சுரசுரப்பு, கனம், சூட்டைப் பிடித்து வைக்கும் குணம் எல்லாம் அதில் ஏற்கனவே இருந்தது. மூன்று நாள் ஊறப்போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துக் கூர் போக்கி, சட்டத்தின் மேல் ஒன்றைப் படுக்கையாகவும் இன்னொன்றைச் சரிவாகவும் கேபிள் டை போட்டுக் கட்டினேன். சரிவின் அடிமுனை தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். சித்திரையில் வாரத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தண்ணீர் வற்றும், கவனிக்காமல் விட்டால் ஏற முடியாமல் ஓட்டைப் பிராண்டிக்கொண்டே இருக்கும்.

மேடைக்கு அடியில் விடும் இடைவெளியில்தான் நான் முதலில் தவறினேன். ஒன்று, தலைகூட நுழையாத அளவு சிறியதாக இருக்க வேண்டும். இல்லை, முழு ஆமையும் தாராளமாக நீந்திப் போய்த் திரும்பி வர வேண்டும். நடுத்தரமான சந்துதான் பொறி. போன வருசம் சும்மா போய்வந்த சந்து, ஆமையின் ஓடு வளர்ந்ததும் இந்த வருசம் பிடித்துக்கொள்ளும். பவுனுக்கு இப்போது 19 சென்டிமீட்டர், பெண் ஆமை 25ஐத் தாண்டவும் செய்யும். அதனால் அடிக்குறுக்குச் சட்டம் எதுவும் வைக்காமல் நாலு கால் மட்டும் விட்டேன்.

மேடையை உயர்த்தியபோது தொட்டியின் விளிம்பை நினைக்கவில்லை. ஒரு ராத்திரி 'தொப்'பென்று சத்தம். நல்ல காலம், கீழே கால்மிதி கிடந்தது. மறுநாளே விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குக் கம்பி வலை அடித்தேன்.

விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆமையின் ஓடு கெட்டிப்பட வைட்டமின் டி3 வேண்டும், அதற்கான யுவிபி என்னும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால் யுவிபி டியூப் தனி, சூட்டுக்கு ஹாலஜன் பல்பு தனி. சீமை ஓட்டின் மேல் 32 டிகிரி வருகிற உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியாக வந்து பல்பை ஊஞ்சலாட்டும், சங்கிலி ஒன்று போதாது, இரண்டு போட வேண்டும்.

சீமை ஓட்டிலும் குறை இல்லாமல் இல்லை. நுண்துளைகளில் பாசி பிடிக்கும், பதினைந்து நாளுக்கு ஒரு தரம் தேங்காய் நாரால் தேய்த்தாக வேண்டும். தண்ணீர் மட்டக் கோட்டில் வெள்ளையாக உப்பு ஏறுகிறது, வினிகரில் ஊறவைத்தால் விடுகிறது. கேபிள் டைகளை வருசத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

காலை ஒன்பது மணிக்கு விளக்கைப் போட்டதும் ஏறி வந்து, பின்னங்கால்களை நீட்டி, விரல் சவ்வை விரித்துப் படுத்துக்கொள்கிறது. மேலே இன்னும் ஆறு சென்டிமீட்டர்தான் இடம் பாக்கி. அப்புச்சி வீட்டில் இன்னும் இரண்டு ஓடுகளை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.