‘பிளானிங் ஃபார் ரியல்’: மேசைமேல் ஊரை வைத்துப் பேசும் முறை, ஒரு மதிப்பீடு

ஊர்க்கூட்டம் போட்டால் பேசிப் பழகியவர்கள் பேசுவார்கள். வேலை முடிந்து வந்த பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் கடைசி வரிசையிலேயே இருந்துவிடுவார்கள். தெருவிளக்கு எங்கே எரியவில்லை என்று சரியாகத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இந்தக் குறைக்கு இதுவரை வந்த கருவிகளில், ஊரின் சிறு மாதிரியைச் சுற்றி நின்று மக்களே திட்டமிடும் ‘பிளானிங் ஃபார் ரியல்’ போல வேறொன்று இல்லை என்பது எங்கள் கருத்து.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டோனி கிப்சன் 1970-களில் உருவாக்கிய முறை இது. 1977-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் கிழக்குப் பகுதியில், தொழிலும் வீடுகளும் குறைந்துகொண்டிருந்த டால்மார்னக்கில் முதலில் பயன்பட்டது. பெயர் பதிவு பெற்ற வணிகக் குறி. எனவே அந்தப் பெயரில் நிகழ்ச்சி நடத்த அனுமதி வேண்டும்.

இதன் உயிர், ஊரின் சிறிய மாதிரி வடிவம். 1:200 அல்லது 1:300 அளவில் வரைபடத்தைப் பெரிதாக்கி, தெர்மகோல் பலகைகளில் ஒட்டி, மேலே அட்டை வீடுகளை மடித்து வைக்க வேண்டும். 1:200-ல் 6 மீட்டர் உயர வீடு 3 சென்டிமீட்டர் வரும். தன் வீட்டை எவரும் அடையாளம் கண்டுவிடலாம். 60 சென்டிமீட்டர் சதுரப் பலகை 120 மீட்டர் நிலத்தைக் காட்டும். நான்குக்கு மூன்றாக 12 பலகை இருந்தால் 480 மீட்டருக்கு 360 மீட்டர் அடங்கும். முழு ஊரையும் ஒரே மாதிரியில் கொண்டுவர 1:500-க்குப் போகிறவர்கள் உண்டு. அது தவறு. 6 மீட்டர் வீடு 1.2 சென்டிமீட்டராகச் சுருங்கினால் வீடு போய்க் கட்டம்தான் மிஞ்சும். இடத்தைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

மாதிரியைக் கட்டடக் கலைஞரிடம் செய்யக் கொடுக்கவும் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் வீடுகளை மடித்து ஒட்டும்போதே பெற்றோர் எட்டிப் பார்ப்பார்கள். கூட்டத்துக்கான அழைப்பு அங்கேயே போய்விடுகிறது. பலகை பலகையாகப் பிரிவதால் காரில் ஏற்றிச் சந்தை, பேருந்து நிலையம், கோயில் வாசல் என்று கொண்டுபோகலாம்.

பிறகு அட்டைகள். ‘வேகத்தடை’, ‘இருக்கை’, ‘மரம்’, ‘குப்பை குவிகிறது’ என்று சொல்லோடு படமும் போட்டவை நிறைய, எதுவும் எழுதாதவை கொஞ்சம். வருகிறவர் வேண்டிய அட்டையை வேண்டிய இடத்தில் வைத்துவிட்டுப் போகலாம். யார் வைத்தார் என்று கேட்கக் கூடாது. எல்லோர் கண்ணும் மாதிரிமேல் இருப்பதால், பக்கத்து வீட்டுக்காரரோடு முகம் பார்த்து மோத வேண்டியதில்லை. கூச்சப்படுகிறவர்களின் கையும் நீள்வதற்குக் காரணம் இதுதான். அதிகாரிகளும் பொறியாளர்களும் ஓரமாக நிற்க வேண்டும். கேட்டால் மட்டும் பதில். ஒருவர் முந்திக்கொண்டு ‘அது முடியாது’ என்றாலே பாதிக் கைகள் பின்வாங்கிவிடும்.

முறை உடைவது பெரும்பாலும் இதற்கு அடுத்த படியில். அட்டைகள் நிறைந்த மாதிரி பார்க்க அழகாக இருக்கும். படம் எடுத்து ‘மக்கள் கருத்து கேட்டாயிற்று’ என்று கலைந்துவிடுவார்கள். எது முதலில், எது பிறகு என்று தரம் பிரிக்கும் கூட்டம் நடக்காவிட்டால் முன்செய்த எல்லாம் வீண். முதலில் மாதிரியைக் கட்டங்களாகப் பிரித்து எண்ணிட்டு, ஒவ்வொரு அட்டையின் பின்னும் அது இருந்த கட்டத்தின் எண்ணைக் குறித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மறந்தால் ‘மரம்’ என்ற அட்டை கையில் இருக்கும், எந்தத் தெரு என்பது போயிருக்கும். பிறகு போக்குவரத்து, வீடு, பாதுகாப்பு என்று பொருள்வாரியாகச் சிறு குழுக்கள். ‘இப்போது’, ‘சீக்கிரம்’, ‘பிறகு’ என்ற மூன்று பத்திகளில் அட்டையை நகர்த்த வேண்டும். ஒப்பாதவர் அட்டையைக் கவிழ்த்து வைக்கலாம். கவிழ்ந்தவற்றை மட்டும் கடைசியில் உட்கார்ந்து பேசினால் போதும். சண்டை போடும் அளவு விஷயம் சிலவே என்பது அப்போது தெரியும். ‘இப்போது’ பத்தியில் உள்ளவற்றுக்கு நேரே, ஊரே செய்வதா, பண உதவி வேண்டுமா, நகராட்சி மட்டுமே செய்ய முடியுமா என்பதையும் எழுத வேண்டும்.

குறை ஒன்று உண்டு. வேலையின்மை, தனிமை போன்றவற்றுக்கு இடம் கிடையாது. மாதிரியில் எங்கே வைப்பது? அதற்கு மேசைக்கு அருகே தனிப் பலகை வேண்டும். அது இல்லாவிட்டால் ஊரின் துயரம் முழுவதும் குண்டும் குழியுமான சாலையாகவே தெரியும்.

முடிந்தபின் மாதிரியைத் தூக்கிப் போட வேண்டாம். நூலகத்தில் வையுங்கள். ஒரு வேலை நிறைவேறியதும் அந்த அட்டையை எடுத்துவிட்டு, நட்ட மரத்தையோ போட்ட விளக்கையோ மாதிரியிலும் செய்து ஒட்டிவிடுங்கள்.