டர்பனில் அம்மா வீட்டை விற்கப் போனபோது: வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கம் அப்பா அம்மா விட்டுப்போன வீட்டை வைத்துக்கொண்டு லண்டனிலும் சிட்னியிலும் சென்னையிலும் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். நான் கல்யாணமாகி கோயம்புத்தூர் வந்தவள். இந்த முறை ஊருக்குப் போனது சாட்ஸ்வொர்த் வீட்டை விற்கத்தான், அண்ணனுக்கும் எனக்கும் பாதிப் பாதி. வாங்க ஆள் சீக்கிரமே வந்துவிட்டார், விலையும் படிந்தது. ஆனால் வக்கீல் கேட்ட கேள்விகளுக்குக் காகிதம் சேர்ப்பதிலேயே விடுமுறை கரைந்துவிட்டது. அத்தனையும் வாங்குபவர் வருவதற்குப் பல மாதம் முன்பே, இருக்கிற ஊரிலிருந்தே முடிக்கக்கூடிய வேலைகள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தமிழ்நாட்டைப் போல இரண்டு தரப்பும் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கைரேகை வைக்கும் வழக்கம் தென்னாப்பிரிக்காவில் இல்லை. கன்வேயன்ஸர் என்று தனித் தேர்வு எழுதிய வக்கீல்தான் பத்திரங்களைத் தயாரித்து டீட்ஸ் ஆபீஸில் (அங்குள்ள பத்திரப்பதிவு அலுவலகம்) தாக்கல் செய்ய முடியும். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்துக்கு அது பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அந்த வக்கீலை விற்பவர் தேர்ந்தெடுப்பதும் செலவை வாங்குபவர் ஏற்பதும் அங்கே வழக்கம். இதை ஏஜெண்டிடம் விட்டுவிடாதீர்கள். எங்களுக்குக் கிடைத்த வக்கீல் பெண் பொறுமைசாலி. "ஆன்ட்டி, விலையை அப்புறம் பார்க்கலாம், டைட்டில் டீட் எங்கே இருக்கு?" என்றுதான் ஆரம்பித்தார்.

டைட்டில் டீட், அதாவது வீட்டின் உரிமைப் பத்திரம், வங்கியில் இருந்தது. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பாண்ட் கடனை அப்பா எப்போதோ அடைத்துவிட்டார், அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். கடன் தீர்ந்தாலும் பாண்ட் என்ற அடமானப் பதிவு தானாக ரத்தாவதில்லை. அதை ரத்து செய்யவும் ஒரு வக்கீல் டீட்ஸ் ஆபீஸில் தாக்கல் செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம். அதுவரை பாண்ட் பதிவில் இருக்கும், டீட் வங்கியின் பெட்டகத்தில் இருக்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கடனை அடைத்துப் பல வருஷம் ஆகியிருந்தால் இன்றே வங்கிக்கு ஒரு மெயில் போடுங்கள். டீட் தொலைந்துபோயிருந்தால் சான்றளித்த நகல் வாங்கலாம், ஆனால் 2019 முதல் அதற்குப் பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து 2 வாரம் காத்திருக்க வேண்டும்.

கடன் இன்னும் ஓடுகிறது என்றால் வேறு கதை. விற்கப் போகிறோம் என்று வங்கிக்கு 90 நாள் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் மூன்று மாத வட்டி வரைக்கும் அபராதமாகப் பிடிப்பார்கள். வேறு வங்கிக்கு பாண்டை மாற்ற நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். என் சித்தப்பா மகன் அப்படி மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பழைய பாண்டை ரத்து செய்ய ஒரு செலவு, புதியதைப் பதிய இன்னொரு செலவு, இரண்டையும் வட்டியில் மிச்சமாகும் தொகையோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடு என்றேன். வீட்டை ரிப்பேர் செய்யப் பணம் வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்கிறவர்கள், பழைய பாண்டின் வரம்புக்குள்ளேயே அதே வங்கி திரும்பக் கடன் தருமா என்று முதலில் விசாரியுங்கள். புதுப் பதிவே வேண்டியிருக்காது.

அடுத்து பெயர். நம் ஜனங்களுக்கு இது பெரிய தலைவலி. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், பிறகு தாத்தா பெயர் ஒருவருக்குக் குடும்பப் பெயராகி, தம்பிக்கு வேறொன்றாகி, ஒரே வீட்டில் மூன்று எழுத்துக்கூட்டல். எங்கள் அப்பாவுக்கு டீடில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, இறப்புச் சான்றிதழில் இரண்டையும் கலந்து ஒன்று. எல்லாப் பெயரும் ஒரே ஆளுடையதே என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் கொடுத்துப் பதிவைத் திருத்த விண்ணப்பிக்கலாம், 1937ஆம் ஆண்டு டீட்ஸ் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஆதாரமாகப் பழைய பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு எல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

கல்யாணம் என்றதும் சொல்கிறேன். அம்மா அப்பா கல்யாணம் கோயிலில் தாலி கட்டி நடந்தது, அரசாங்கத்தில் பதியவில்லை. அந்தத் தலைமுறையில் நிறையப் பேருக்கு அப்படித்தான். அப்பா உயில் எழுதாமல் போனபோது அம்மாவை மனைவி என்று சட்டம் ஏற்குமா என்ற கேள்வி வந்தது. 2008இல் டர்பன் உயர் நீதிமன்றம், இந்து முறைப்படி ஒருவனுக்கு ஒருத்தியாக வாழ்ந்தவர்களில் உயிரோடு இருப்பவரையும், உயில் இல்லாத சொத்துக்கான வாரிசுச் சட்டத்தின்படி துணைவராகவே கருத வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. அதை வைத்துத்தான் அம்மாவுக்கு உரிமை வந்தது, பிறகு அம்மா உயிலால் எங்களுக்கு. தீர்ப்பு இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது, கல்யாணம் நடந்ததற்குச் சாட்சி காட்ட வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ எல்லாம் தேடி எடுத்து, பந்தலில் நின்ற சித்தி மாமா என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கினோம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்று, அந்த வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டிய ஒரு மனுஷி தான் மனைவிதான் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. உயில் எழுதுங்கள், தயவுசெய்து.

என் கல்யாணமும் கேள்வியானது! கல்யாணத்தின்போது கணவர் எந்த நாட்டில் நிலையாகக் குடியிருந்தாரோ அந்த நாட்டுச் சட்டம்தான் அந்தத் திருமணத்தின் சொத்து விஷயத்தை ஆளும் என்பது அங்குள்ள விதி. என் வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர், ஆகவே என் திருமணம் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டது. அப்படி வெளிநாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவர் டீட்ஸ் ஆபீஸ் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், பதிவாளர் தேவையில்லை என்று விலக்கினால் தவிர, கணவனோ மனைவியோ கூடவே கையெழுத்திட வேண்டும். வீட்டில் ஒரு செங்கல்கூட அவருடையது இல்லை, ஆனாலும் அவர் கையெழுத்து வேண்டும். அவரோ இங்கே. இங்கே நோட்டரி முன்னால் கையெழுத்திட்டு வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில் (காகிதம் வெளிநாட்டிலும் செல்ல வைக்கும் சான்று) வாங்கி, அசல் காகிதத்தையே கூரியரில் அனுப்பினோம். ஸ்கேன் செல்லாது. மும்பையிலுள்ள தென்னாப்பிரிக்கத் துணைத் தூதரகத்தில் போய்க் கையெழுத்திடுவது இன்னொரு வழி. பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து அண்ணனையோ தம்பியையோ விற்கச் சொல்பவர்களுக்கும் இதே முறைதான்.

அவுட்பில்டிங் விஷயத்துக்கு வருகிறேன். சாட்ஸ்வொர்த்தில் கொல்லைப்பக்கம் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடாத வீடு எத்தனை இருக்கும்? எங்கள் வீட்டிலும் உண்டு, அங்கீகரித்த பிளான் கிடையாது. வாங்குபவரின் வங்கி கடன் கொடுக்குமுன் பிளான் கேட்கலாம், அதனால் பழைய கட்டடத்துக்கு இப்போது வரைபடம் போட்டு நகராட்சியில் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒயரிங் சரியாக இருக்கிறது என்ற கரண்ட் சான்றிதழும் அப்படித்தான், கைமாறும்போது அது 2 வருஷத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். எங்களுக்கு வந்த ஒரு எலக்ட்ரீஷியன் முன்வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் சான்றிதழ் எழுத உட்கார்ந்தார். அண்ணன் விடவில்லை. பின்பக்கம் ஒயர் கூரைத் தகரத்தை உரசிக்கொண்டு கிடந்தது, அங்கே குழந்தைகள் குடியிருக்கிறார்கள். வேறு ஆளைக் கூப்பிட்டு முழுசாக மாற்றினோம். கடலோரப் பகுதியில் மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றிதழும் கேட்பார்கள். அது சட்டம் கேட்பதல்ல, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும்.

அங்கே குடியிருப்பவர்களை வீடு விற்றாயிற்று என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. வாடகை ஒப்பந்தம் புது உரிமையாளரையும் கட்டும். மாதாமாதம் ஓடும் வாடகை என்றால் ஒரு மாத எழுத்து நோட்டீஸ், போக மறுத்தால் நீதிமன்ற உத்தரவு. எங்கள் வாங்குபவர் அவர்களை அப்படியே வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார், அதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன்.

ஏஜெண்ட் பற்றிச் சுருக்கமாக. ஏஜெண்ட் தொழில் செய்ய அங்கே வேண்டிய ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், அது இல்லாதவருக்குக் கமிஷன் கிடையாது. 2022 பிப்ரவரியிலிருந்து வீட்டின் குறைகளை எழுதிக் கையெழுத்திடும் படிவம் கட்டாயம். உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள் என்று எழுதிவிட்டால் போதும் என ஒருவர் எங்களிடம் சொன்னார். தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வாசகம் காப்பாற்றாது. இன்னொருவர் போனிலேயே கையெழுத்துப் போடுங்கள் என்றார். நில விற்பனைக்குக் காகிதத்தில், பேனாவால் கையெழுத்திடுவதுதான் பாதுகாப்பு.

வரிகள். பரம்பரையாக வரும் வீட்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் டியூட்டி, அதாவது சொத்து கைமாறும்போது கட்டும் வரி, இல்லை. வாங்குபவர் கட்டுவதும் 2025 ஏப்ரல் முதல் விலை 12 லட்சத்து 10 ஆயிரம் ரேண்ட் வரை இருந்தால் கிடையாது. வெளிநாட்டில் குடியிருப்பவர் 20 லட்சம் ரேண்டுக்கு மேல் விற்றால் 7.5 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வரித்துறைக்குக் கட்டிவிட வேண்டும், பிறகு கணக்குக் காட்டி மீதியைத் திரும்பப் பெறலாம். எங்கள் வீடு அவ்வளவு போகவில்லை. வீட்டு வரி, தண்ணீர், கரண்ட் பாக்கியில் கடைசி 2 வருஷத்துக்கானது முழுக்கத் தீர்ந்தால்தான் நகராட்சி பாக்கி இல்லை என்ற கிளியரன்ஸ் சான்றிதழ் தரும், அது 60 நாள்தான் செல்லும். அதற்கும் முந்தைய பாக்கி வாங்குபவர் தலையில் விழாது என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. வாங்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்பும் இடத்தில் மட்டும் யாரையும் நம்பாதீர்கள். வக்கீல் பெயரில் போலி மெயில் வந்து, வங்கிக் கணக்கு எண் மாறி, வீடு வாங்கிய ஒரு பெண்மணியின் 55 லட்சம் ரேண்ட் போன வழக்கில், அந்த இழப்பு அவருடையதே என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. மெயிலில் உள்ள நம்பருக்கு இல்லாமல், நீங்களே முன்பு வாங்கிவைத்த நம்பருக்குப் போன் செய்து கணக்கு எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். எங்கள் வாங்குபவரிடமும் இதைச் சொன்னேன், அவர் நேரில் போய் எழுதி வாங்கி வந்தார்.

வாங்குபவரின் பாண்ட், எங்கள் பழைய பாண்ட் ரத்து, வீட்டை வாங்குபவர் பெயருக்கு மாற்றும் ட்ரான்ஸ்ஃபர் மூன்றும் ஒரே நாளில் ஒன்றாகத் தாக்கலாக வேண்டும், ஒரு வக்கீல் தாமதித்தால் மூவரும் நிற்பார்கள். அதனால் வாராவாரம் மூன்று பேருக்கும் அண்ணன் போன் போட்டார். நான் திரும்பி வந்த பிறகுதான் பதிவானது. பதிவானதும் நகராட்சியில் தண்ணீர், கரண்ட் கணக்கை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்து, அப்பா காலத்தில் கட்டிய டெபாசிட்டையும் மிச்சப் பணத்தையும் கேட்டு வாங்க வேண்டும். எங்களுடையது இன்னும் வரவில்லை, அண்ணன் ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார்.