தண்டையார்பேட்டையில் எட்டு வாரம்: வேலைக்குத் திரும்புவோருக்கான ஒரு பயிற்சி மையத்தைப் பற்றி

2016ஆம் ஆண்டு என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது, நான் சென்னை மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுப்பவர்) அலுவலகத்தில் ஆறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்டான்லி மருத்துவமனையிலிருந்து அவரைக் காலடிப்பேட்டை வீட்டுக்கு அழைத்து வந்த வாரத்தில் அலுவலகத்தில் ஒரு மாத விடுப்புக் கேட்டேன். அந்த ஒரு மாதம் ஒன்பது ஆண்டுகளாக நீண்டது. இடையில் மகள் பிறந்து பள்ளிக்கும் போகத் தொடங்கிவிட்டாள். மாமியார் இப்போது கைத்தடியுடன் வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் குளியலுக்கும் மருந்துக்கும் ஆள் வேண்டும். இந்த நிலையில்தான், வீட்டில் யாரையாவது பராமரிப்பதற்காக வேலையை விட்ட பெண்களை மறுபடி சம்பள வேலைக்கு அனுப்புவதற்கென்று தண்டையார்பேட்டையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பயிற்சியில் 2025 அக்டோபரில் சேர்ந்தேன். மையத்தின் குறைகளையும் சொல்லப் போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். அந்தப் பக்கத்தில் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள்.

பயிற்சி எட்டு வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 10.30 முதல் 1.30 வரை நடக்கிறது. கட்டணம் 4,500 ரூபாய். இரண்டு தவணையாகக் கட்டலாம். மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இரண்டு அறைகள், பன்னிரண்டு கணினிகள், எங்கள் அணியில் பதினெட்டுப் பேர். கணினிக்கு இருவராக உட்காரும் நாள்களில் பக்கத்தில் இருப்பவரின் வேகத்தைப் பொறுத்தே நம் கற்றலும் அமைகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பெருநிறுவனங்களில் இப்படிப்பட்ட திட்டங்கள் புதியவை அல்ல. டாடா குழுமம் 2008ஆம் ஆண்டிலேயே இடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் அவை பெரும்பாலும் மேல்நிலைப் பதவியில் இருந்தவர்களுக்கானவை. அவற்றில் இடம் கிடைத்தாலும் வடகோடித் திருவொற்றியூரிலிருந்து தெற்கே ஐ.டி. பூங்கா இருக்கும் சிறுசேரிக்குத் தினமும் போய்வருவது யாரால் ஆகும்? பி.காம். முடித்துப் பாரிமுனையிலும் சௌகார்பேட்டையிலும் கணக்கு எழுதியவர்கள், மணலிப் பக்கத்துச் சரக்குக் கிடங்குகளில் டேட்டா என்ட்ரி செய்தவர்கள், தனியார் பள்ளிகளில் பாடம் எடுத்தவர்கள் ஆகியோருக்கு இந்த மையம்தான் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.

கணக்குப் பாடம் இந்த மையத்தின் முதுகெலும்பு. அது நன்றாகவே இருக்கிறது. நான் வேலையை விட்டபோது டேலி ஈ.ஆர்.பி. 9 என்ற கணக்கு மென்பொருளில் வேலை செய்தோம். சேவை வரி, செஸ் என்ற இரண்டு கூடுதல் வரிகளையும் சேர்த்து 15 விழுக்காடு. அதற்கான கணக்கை ஆண்டுக்கு இருமுறை தாக்கல் செய்தால் போதும். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நான் மாமியாருக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒவ்வொரு மாதமும் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரத்துக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டுவதற்கான ஜி.எஸ்.டி.ஆர்-3பி, விற்றுமுதல் ஐந்து கோடியைத் தாண்டினால் அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸ், சரக்கு நகர்ந்தால் அதனுடன் போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில். எங்களுக்குக் கற்பித்த ஆசிரியை இவற்றை விதிகளாக ஒப்பிக்க வைக்கவில்லை. கோடவுன் தெருவில் ஒரு துணி மொத்த வியாபாரிக்கு ஒரு மாதத்தில் வரும் பில்களைப் போல நூற்றுக்கும் மேற்பட்ட பில்களைத் தயாரித்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பதியவைத்து, மாத இறுதியில் உள்ளீட்டு வரி வரவு (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் தொகை) ஏன் பொருந்தவில்லை என்று எங்களையே தேட வைத்தார். மூன்று நாள் தேடிய பிறகு, ஒரு சப்ளையர் தன் கணக்கைத் தாக்கல் செய்யாததுதான் காரணம் என்று கண்டுபிடித்தபோது, பழைய அலுவலகத்தில் ஆண்டு முடிவில் பேலன்ஸ் ஷீட் டேலியான நாள்களில் வரும் அதே நிறைவு வந்தது. டேலியின் இன்றைய பதிப்பான டேலி பிரைமைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. விற்பனைக்கு எஃப் 8, கொள்முதலுக்கு எஃப் 9 என்ற பழைய பழக்கம் விரல்களில் இருந்தால் போதும். ஆல்ட்-ஜி அழுத்தி எங்கிருந்தும் எங்கும் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டால் மீதி ஒரு வாரத்தில் வந்துவிடும்.

ஒரு குறை. எங்களுக்குக் கொடுத்த அச்சிட்ட பயிற்சித் தாள்களில் 12, 28 விழுக்காட்டு வரிகளே இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்துவிட்டன. அதன் பிறகு சேர்ந்த எங்களுக்குப் பழைய தாளைக் கொடுத்து, வகுப்பில் பேனாவால் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள். காலம் மாறியதால் பின்தங்கிவிட்டவர்களுக்கென்று பயிற்சி நடத்தும் இடத்திலேயே தாள் பின்தங்கியிருப்பதைப் பார்த்து எங்களில் சிலர் சிரித்தோம், ஆசிரியை சிரிக்கவில்லை.

ஐந்தாம் வாரத்தில் ஓய்வுபெற்ற ஒரு கணக்காளர் வந்து எடுத்த வருங்கால வைப்பு நிதி (பி.எஃப்.) வகுப்புக்காகவே 4,500 ரூபாயைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். வேலையை விட்டவுடன் பலரும் செய்யும் முதல் காரியம் பி.எஃப். பணத்தை எடுப்பதுதான். ஆனால் அதனுடன் இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்து ஆண்டுப் பணி இருந்தால்தான் மாத ஓய்வூதியம் உண்டு. படிவம் 10சி மூலம் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டவர்களுக்கு அந்தப் பணிக்காலம் கணக்கிலிருந்து போய்விடும். எடுக்காமல் வைத்திருப்பவர்களுக்குப் பழைய ஆண்டுகளுடன் புதிய ஆண்டுகள் சேரும். என் ஆறு ஆண்டுகள் அப்படியே இருக்கின்றன. இன்னும் நான்கு ஆண்டுகள் வேலை செய்தால் எல்லையைத் தொடுவேன். வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்ணான யு.ஏ.என். எண் 2014இல்தான் வந்தது என்பதால், அதற்கு முந்தைய உறுப்பினர் எண் தனியாகக் கிடப்பவர்கள் அதை இணைப்பதற்கான வழியையும் அவர் கணினியில் செய்தே காட்டினார். கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தோழி ஏழு ஆண்டுப் பணிக்கான தொகை முழுவதையும் மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக எடுத்துவிட்டிருந்தார். அன்று மதியம் படியிறங்கும்போது அவர் ஒன்றும் பேசவில்லை. இந்த வகுப்பை ஐந்தாம் வாரத்தில் வைக்காமல், வேலையை விடப் போகிறவர்களுக்கு யாராவது எடுத்தால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் சனிக்கிழமையில் குடும்பத்தினரையும் அழைத்து வரச் சொன்னார்கள். கணவர், மாமனார், அண்ணன் என்று பதினோரு பேர் வந்தார்கள். ஒரு தாளில் காலை ஐந்து மணி முதல் இரவு பதினொரு மணி வரை அரை மணிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது அந்த வேலையைச் செய்பவர் யார், இனிமேல் செய்யப் போகிறவர் யார் என்று இரண்டு பெயர்களை எழுத வேண்டும். தொடங்குவதற்கு முன், 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைச் சொன்னார்கள்: வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிடுகிறார்கள். 97 என்பதைக் கேட்டு, "நம்ம வீட்டுல அதுவும் வராது" என்று என் கணவர் என் காதில் சொன்னார். அந்த நேர்மைக்காக அன்று அவரை மன்னித்தேன். காலை ஆறரைக்கு அம்மாவைக் குளிப்பாட்டும் கட்டத்தில் அவர் தன் பெயரை எழுதினார். பகல் பன்னிரண்டு மணி மருந்துக் கட்டம் வெகுநேரம் வெற்றாகவே இருந்தது. அது வெற்றாக இருப்பதை இருவரும் சேர்ந்து பார்த்ததால்தான், மாதம் 5,000 ரூபாய்க்குப் பக்கத்துத் தெரு அம்மா ஒருவரை அரை நாளுக்கு ஏற்பாடு செய்யும் முடிவுக்கு வந்தோம். வாயால் பேசியிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

இவ்வளவு பொருளறிந்து நடத்துபவர்கள், தன்னம்பிக்கை வகுப்பு என்ற பெயரில் ஆறு மணி நேரத்தை ஏன் வீணாக்குகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. கண்ணாடி முன் நின்று பேசுவது, கைதட்டிக்கொள்வது, "என்னால் முடியும்" என்று மூன்று முறை சொல்வது. படுத்த படுக்கையாக இருந்தவரைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்து நடக்க வைத்தவளுக்கும், இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு காசிமேட்டில் தனியாகக் குடித்தனம் நடத்தியவருக்கும் இல்லாதது தன்னம்பிக்கை அன்று. பகல் பன்னிரண்டு மணிக்கு மருந்து கொடுக்க ஓர் ஆள். பயோடேட்டா எழுதும் வகுப்பிலும் இதே போக்குதான்: வீட்டுப் பராமரிப்பை நிர்வாகத் திறன், நேர மேலாண்மை என்றெல்லாம் அலங்கரித்து எழுதச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டு, "2016 முதல் 2025 வரை: குடும்பத்தில் நோயாளியைப் பராமரித்தேன்" என்று ஒரே வரியில் எழுதினேன். நேர்காணல் செய்த மூவரில் ஒருவர்கூட அந்த வரியைப் பற்றிக் குறையாகப் பேசவில்லை.

பயிற்சி நேரத்தில் இரண்டு முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்கிறார். அறை சிறியது, ஆனால் சுத்தமானது. முதியவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. பராமரிப்பு என்றால் குழந்தை வளர்ப்பு என்றே இந்த மையம் பெரும்பாலும் நினைக்கிறது; எங்கள் பதினெட்டுப் பேரில் ஐந்து பேர் முதியவருக்காகவோ நோயாளிக்காகவோ வேலையை விட்டவர்கள். ஆண்களைச் சேர்ப்பதும் இல்லை. மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்து, தந்தையின் டயாலிசிஸுக்காக வேலையை விட்ட எங்கள் தெருக்காரர் ஒருவர் கேட்டதற்கு, பெண்களுக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வேலை வாங்கித் தருவதில் மையத்துக்கு நடுத்தரமான மதிப்பெண்தான் கொடுப்பேன். மூன்று நேர்காணல்களுக்கு அனுப்பினார்கள். முதல் இடத்தில் காலை 9.30 முதல் இரவு 7.30 வரை இருக்க வேண்டும் என்றார்கள். இந்த நேரத்தை முன்கூட்டியே கேட்டிருந்தால் என் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். இரண்டாம் இடத்தில், "மாமியார் இன்னும் இருக்காங்களா மேடம்?" என்று கேட்டார்கள். இருக்கிறார் என்றேன், கேட்டவர் பேனாவை மூடிவிட்டார். மூன்றாவது, மண்ணடியிலேயே எட்டுப் பேர் வேலை செய்யும் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனம். நேரம் 10 முதல் 4 வரை, சம்பளம் 16,000. ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017இல் வந்த விதி இப்படிப்பட்ட அலுவலகங்களைத் தொடாது என்பதால், மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் பொறுப்பு எங்களுடையதுதான். 2016இல் நான் வாங்கிய சம்பளம் 13,500. ஒன்பது ஆண்டு கழித்து 2,500 ரூபாய்தான் கூடுதலா என்று மையத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டபோது, "முதல்ல உள்ள போயிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்றார். சம்பளம் பேசக் கற்றுக்கொடுக்க அந்த ஆறு மணி நேரத்தில் இரண்டையாவது ஒதுக்கியிருக்கலாம். நானாகவே பேசி, ஆறு மாதத்துக்குப் பின் மறுபரிசீலனை என்று நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கினேன்.

கணக்கு, அலுவலக வேலை அனுபவம் இரண்டு ஆண்டாவது உள்ளவர்களுக்கு இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முன்பு வேலையே பார்க்காதவர்களுக்கு வேகம் அதிகம். ஆசிரியப் பணிக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கு இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. சேரப் போகிறவர்கள் யு.ஏ.என். எண்ணையும் பழைய அனுபவச் சான்றிதழையும் முதல் நாளே எடுத்துப் போவது நல்லது. சான்றிதழ் வாங்காமல் விட்டவர்கள் பழைய அலுவலகத்தை இப்போதே தொடர்புகொள்ளலாம். லிஃப்ட் இல்லை, படிகள் செங்குத்தானவை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டதால் காலடிப்பேட்டையிலிருந்து தண்டையார்பேட்டை மூன்றாவது நிறுத்தம்தான். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்குப் பெண்களுக்கான கட்டணமில்லாச் சாதாரணப் பேருந்துகள் இருக்கின்றன, ஆனால் டோல்கேட் நெரிசலுக்கு அரை மணி கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

என் பயிற்சித் தாள்களின் நகலை, வரி விகிதங்களையெல்லாம் திருத்திய பிறகு, எங்கள் தெருக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் என் மடிக்கணினியில் உட்கார்ந்து பதிந்து பார்க்கிறார்; உள்ளீட்டு வரி வரவு இன்னும் அவருக்குப் பொருந்தவில்லை.