முழு பேட்டரிக்கு பில், மாற்றியது இரண்டு மாட்யூல்: பழைய ஹைபிரிட் கார் வைத்திருப்போர் கவனத்திற்கு

பத்து வயதைக் கடந்த ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், ‘பேட்டரியை ரீகண்டிஷன் செய்து தருகிறோம்’ என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முழு பேட்டரியும் புதுப்பிக்கப்பட்டதாக பில் போட்டு, அதற்குரிய முழுத் தொகையையும் வாங்கிக்கொண்ட ஓர் ஒர்க்‌ஷாப், என் காரில் உண்மையில் மாற்றியது, பேட்டரிக்குள் இருக்கும் தனித்தனி மின்கலத் தொகுப்புகளான 28 மாட்யூல்களில் இரண்டை மட்டுமே. அந்த இரண்டும்கூட, உடைக்கப் போன வேறொரு காரிலிருந்து கழற்றப்பட்டவை.

எச்சரிக்கை விளக்கு எரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே அறிகுறிகள் தெரிந்தன. சார்ஜ் அளவைக் காட்டும் பட்டைகள் மேடேறும்போது மளமளவென்று இறங்குவதும், சற்று தூரம் ஓடியதும் அதே வேகத்தில் நிரம்புவதும், பின் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள விசிறி வழக்கத்தைவிட உரக்க இரைவதுமாக இருந்தன. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகியதும் பி0ஏ80 என்ற பழுதுக் கோட் வந்தது. “சார், கம்பெனி பேட்டரி போட்டா கார் விலையில பாதி போயிடும். நாங்க மொத்தத்தையும் பிரிச்சு, ஒவ்வொரு மாட்யூலையும் டெஸ்ட் பண்ணி, வீக்கானதை எல்லாம் மாத்தித் தர்றோம்” என்றார் அங்கிருந்த மேலாளர். பில்லிலும் ‘ஹைபிரிட் பேட்டரி முழுமையாக ரீகண்டிஷன்’ என்றே எழுதிக் கொடுத்தார்கள். அந்த வரி பின்னால் பெரிதும் உதவியது.

இந்த பேட்டரியின் அமைப்பு தெரிந்தால்தான் இதில் நடக்கும் ஏமாற்று விளங்கும். டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறைக் காரில் உள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியில் 28 மாட்யூல்கள் வரிசைத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும், ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு, ஆக ஒரு மாட்யூலுக்கு 7.2 வோல்ட், மொத்தத்தில் 201.6 வோல்ட். காரின் கணினி இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகக் கண்காணிக்கிறது. என் காரின் அமைப்பும் இதுவே. ஒரே ஒரு செல் செத்தாலும் அந்த பிளாக்கின் வோல்டேஜ் மற்றவற்றிலிருந்து விலகும். உடனே பேட்டரியையே மாற்றச் சொல்லும் அந்தக் கோட் பதிவாகிவிடும். ஆகவே கோட் சொல்வது, பிளாக்குகளுக்கிடையே பொருத்தம் கெட்டுவிட்டது என்பதை மட்டும்தான். கெட்டது ஒரு மாட்யூலா, பாதி பேட்டரியா என்பதை, காரை ஓட்டியபடியே 14 பிளாக்குகளின் வோல்டேஜையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கோட் எண்ணை மட்டும் படித்துவிட்டு விலை சொல்பவரிடம் அந்த அளவுகளைக் கேளுங்கள். நான் கேட்டதற்கு, “அதெல்லாம் சிஸ்டத்துலயே இருக்கு சார்” என்ற பதில்தான் வந்தது.

காரைத் திருப்பி எடுத்தபோது நன்றாகவே ஓடியது. இதில்தான் பலரும் திருப்தியடைந்து விடுகிறார்கள். பலவீனமான பிளாக்கை மாற்றி, கணினியில் பதிவான கோட் எண்ணையும் அழித்துவிட்டால் விளக்கு அணைந்துவிடும். அடுத்த பலவீனமான மாட்யூல் தடுமாறி, கணினி அதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்யும் வரை வண்டியில் குறையே தெரியாது. அந்த இடைவெளி சில வாரங்களாகவும் இருக்கலாம், சில மாதங்களாகவும் இருக்கலாம். எனக்கு வெயில் காலம் தொடங்கியதும் அதே விளக்கு மீண்டும் எரிந்தது.

இம்முறை ஹைபிரிட் வேலை மட்டுமே செய்யும் வேறொரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் ரப்பர் கையுறை அணிந்து, பேட்டரியின் மின்சுற்றைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, சற்று நேரம் காத்திருந்த பிறகே மூடியைத் திறந்தார். உள்ளே 26 மாட்யூல்களின் மேல் ஒரே சீரான பழைய தூசி. நடுவில் இருந்த இரண்டு மட்டும் துடைத்தெடுத்ததுபோல் பளிச்சென்று இருந்தன. ஸ்டிக்கர்களில் இருந்த வரிசை எண்களும் அதையே சொன்னன: மற்றவை ஒன்றுக்கொன்று நெருங்கிய எண்கள், அந்த இரண்டும் வேறு தொடரைச் சேர்ந்தவை. மாட்யூல்களை இணைக்கும் செம்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு அப்படியே படிந்திருந்தது. மொத்தத்தையும் பிரித்து டெஸ்ட் செய்திருந்தால் அந்தத் தகடுகளைக் கழற்றாமல் முடியாது; கழற்றியவர்கள் அதே களிம்போடு திரும்ப முடுக்கியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. விசிறியைக் கழற்றியபோது அதன் இதழ்களில் முடியும் நூலும் பஞ்சும் கம்பளிபோல் அடைத்திருந்தன. பயணிகள் அமரும் பகுதியிலிருந்து காற்றை இழுத்து பேட்டரியைக் குளிர்விப்பது அந்த விசிறிதான். நடுவிலுள்ள மாட்யூல்கள்தான் அதிகம் சூடாகின்றன, பெரும்பாலும் அவையே முதலில் கெடுகின்றன. குளிர்காற்றின் வழியை அடைத்து வைத்துக்கொண்டு நடு மாட்யூலை மாற்றுவதைப் பழுதுபார்ப்பு என்று எப்படிச் சொல்வது?

ஓரிரு மாட்யூல்களை மாற்றுவதே மோசடி என்று நான் சொல்லவில்லை. காரை விரைவில் விற்கப்போகிறவருக்கும், அடுத்த சில மாதங்களை ஓட்டினால் போதும் என்பவருக்கும் அது பொருந்தலாம். ஆனால் அதை அப்படியே சொல்லி, அதற்குரிய விலைக்குத்தான் செய்ய வேண்டும். களைத்த 26 மாட்யூல்களோடு வேறு திறனுடைய இரண்டைத் தொடராக இணைப்பது, கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போன்றது. சார்ஜ் ஏறும்போது திறன் குறைந்தவை முதலில் நிரம்பிச் சூடேறும். இறங்கும்போது முதலில் காலியாகும். முழு ரீகண்டிஷன் என்றால், எல்லா மாட்யூல்களையும் பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்கி, திறனை அளந்து, ஒத்தவற்றை மட்டும் சேர்க்க வேண்டும். அந்த வேலை ஒரு பகல் பொழுதில் முடியாது. காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளச் சொன்னாலே சந்தேகப்படலாம்.

கழற்றிய பழைய மாட்யூல்களை முதல் ஒர்க்‌ஷாப்பில் நான் கேட்டபோது, அவை அபாயகரமான கழிவு என்பதால் வாடிக்கையாளரிடம் தர முடியாது என்றார்கள். தர முடியாவிட்டாலும் காட்டலாமே. வரிசை எண்கள் தெரியும்படி படமாவது எடுத்துத் தரலாமே. நிக்கலுக்காகவே பழைய பேட்டரிக்கு மதிப்புண்டு, முழு பேட்டரியை மாற்றும்போது பழையதற்கான தொகையைக் கழித்துக்கொள்வதும் வழக்கத்தில் உள்ளது என்பதால், பழையது எங்கே போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வாரண்டித் தாளையும் ஊன்றிப் படியுங்கள். எனக்குக் கொடுத்ததில் ‘மாற்றப்பட்ட பாகங்களுக்கு மட்டும்’ என்ற சிறு எழுத்து வரி ஒன்று இருந்தது. எவை மாற்றப்பட்டன என்ற பட்டியல் எங்கும் இல்லை. எந்த மாட்யூல் கெட்டாலும் ‘அது நாங்கள் மாற்றியதல்ல’ என்று சொல்ல அந்த ஒரு வரி போதும். எனக்குச் சொன்னதும் அதுவேதான். இதையெல்லாம் படித்துவிட்டு பேட்டரியைத் தாமே பிரித்துப் பார்க்க யாரும் இறங்க வேண்டாம். 200 வோல்ட் நேர்மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது; பிளக்கைக் கழற்றிய பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் சிறிது நேரம் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

இரண்டாவது மெக்கானிக் எடுத்த படங்களையும், 14 பிளாக்குகளின் அளவுகளையும், ‘முழுமையாக’ என்ற சொல் இருந்த பில்லின் நகலையும் சேர்த்து அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதுவரை போனை எடுக்காதவர்கள், அதன் பிறகு அவர்களாகவே அழைத்து, பாதித் தொகையைத் திருப்பித் தருவதாகவும், விஷயத்தை அத்துடன் முடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் முழுத் தொகையைக் கேட்டு, நுகர்வோர் புகாருக்கான தாள்களைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். கார் இப்போது இரண்டாவது மெக்கானிக்கிடம் இருக்கிறது. புதிய பேட்டரி வந்து சேர்ந்ததும், பிரித்த பெட்டியின் முன்பாகவே வரிசை எண்களைக் குறித்துக்கொண்ட பிறகுதான் பணம் என்று அவரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்கிறேன்.